நிற்கத் தெரிந்த கடிகாரம்

ராக்கெட் கிளம்பும் காட்சி எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு அது கிளம்பாமல் நின்ற நாட்களின் மேல்தான் ஆசை. ஒரு நீளக் கணக்கு நோட்டில் நாலு கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன்: என்ன தேதி, எத்தனை விநாடி பாக்கி இருந்தது, எதனால் நின்றது, நிறுத்தியது யார். ஆள் ஏறிப் போவதற்காகக் கட்டிய ராக்கெட்டுகளுக்கு மட்டும்தான் அதில் இடம். செயற்கைக்கோள் தாமதமானால் பணம் போகும், அவ்வளவுதான்.

இந்தப் பைத்தியம் பிழைப்பிலிருந்து வந்தது. அனல்மின் நிலையமொன்றின் கன்ட்ரோல் ரூமில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கொதிகலனைப் பற்றவைப்பதற்கு முன் உள்ளே தேங்கிய வாயுவை வெளியேற்ற ஐந்து நிமிஷம் காற்றை விட வேண்டும். பர்ஜ் என்போம். நாலே முக்கால் நிமிஷம் ஓடிய பிறகு காற்றின் அளவு கொஞ்சம் குறைந்தாலும் போதும், கடிகாரம் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். மீதிப் பதினைந்து விநாடியைக் கெஞ்சிக் கேட்டாலும் விடாது. புதிதாக வேலைக்கு வந்த பையன்களுக்கு எரிச்சலாக இருக்கும். கொஞ்ச வருஷம் போனால்தான், ஷிப்ட் முடிந்து முழுசாக வீட்டுக்குப் போவது அந்தக் கடிகாரத்தின் பிடிவாதத்தால்தான் என்று உறைக்கும். கவுன்ட்டவுன் என்ற பழக்கத்தின் வரலாற்றை நான் அந்த ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறேன்.

அந்தப் பழக்கத்தின் பிறப்பு வேடிக்கையானது. ஜூல் வெர்ன் 1865-இல் எழுதிய நிலவுப் பயண நாவலில் மூன்று பேர் ஒரு பெரிய பீரங்கிக் குண்டுக்குள் உட்கார்ந்து ஃபுளோரிடாவிலிருந்து கிளம்புகிறார்கள். அங்கே விநாடியை மேல்நோக்கித்தான் எண்ணுகிறார்கள். முப்பத்தைந்து, முப்பத்தாறு என்று போய் நாற்பதில் வெடிக்கிறது. எங்கே முடியும் என்பது எண்ணுகிறவருக்கு மட்டும் தெரியும்.

இதைத் திருப்பிப் போட்டவர் ஒரு சினிமாக்காரர். ஜெர்மன் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த ‘நிலவில் பெண்’ 1929 அக்டோபரில் பெர்லினில் வெளியானது. பேசாத படம். ராக்கெட் எப்போது சீறும் என்ற பதைப்பைச் சத்தமே இல்லாமல் உண்டாக்க வேண்டும். மேலே எண்ணிக்கொண்டு போனால் பார்க்கிறவனுக்கு முடிவு தெரியாது, கீழே எண்ணினால் பூஜ்யம் வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும் என்று லாங் பின்னாளில் விளக்கியிருக்கிறார். திரையில் எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. படத்துக்கு ஆலோசகர் ராக்கெட் அறிஞர் ஹெர்மன் ஓபெர்த்.

அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த பையன்கள் சிலர் பிறகு பீனமுண்டேவில் நாஜிகளுக்காக ராக்கெட் கட்டினார்கள். 1942 அக்டோபர் 3 அன்று முதன்முதலாகச் சரியாகப் பறந்த வி-2 ராக்கெட்டின் அடிப்பக்கத்தில் நிலாவும் ஒரு பெண்ணும் வரைந்திருந்தது. அதே ராக்கெட் பிறகு லண்டன் மேல் விழுந்தது. அதைத் தயாரித்த சுரங்கத் தொழிற்சாலையில் வதைமுகாம் கைதிகள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். போர் முடிந்ததும் வெர்னர் ஃபான் பிரவுனும் கூட்டாளிகளும் அமெரிக்காவுக்குப் போனார்கள். அவர்களில் கர்ட் டெபுஸ் என்பவர்தான் பின்னால் கென்னடி விண்வெளி மையத்தின் முதல் இயக்குநர். சினிமாவில் பிறந்த எண்ணிக்கை, ஆயுதத்தில் ஏறி, கேப் கனாவரல் வந்து சேர்ந்தது இந்த வழியாகத்தான்.

வந்த இடத்தில் அதன் குணம் மாறியது. சினிமாவில் அது பத்து விநாடி. கேப் கனாவரலில் அது நாள்கணக்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு வேலை, அதைச் செய்து முடித்தேன் என்று சொல்ல ஒரு ஆள். இரண்டு கணக்கு பக்கத்தில் பக்கத்தில் ஓடும். எல் என்ற கணக்கு நாம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம் போலவே ஓடும், எதற்கும் நிற்காது. டி என்ற கணக்குதான் வேலையின் கணக்கு. வேலை முடியவில்லை என்றால் அது நிற்கும். அப்படி நிற்பதற்குப் பெயர் ஹோல்ட். சில ஹோல்ட்களை முன்கூட்டியே அட்டவணையில் எழுதி வைத்திருப்பார்கள். எங்காவது தாமதம் வந்தே தீரும் என்று தெரிந்தவர்கள் போட்ட அட்டவணை அது.

*

என் நோட்டில் முதல் வரி 1960 நவம்பர் 21. மெர்க்குரி விண்கலத்தைச் சுமந்த ரெட்ஸ்டோன் ராக்கெட், ஆள் இல்லாத சோதனை. எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தது, என்ஜின் பற்றியது, ராக்கெட் நாலு அங்குலம் எழும்பியது, என்ஜின் அணைந்தது. எழும்பிய ராக்கெட் பழையபடி பீடத்தில் உட்கார்ந்துகொண்டது. உச்சியிலிருந்த தப்பிக்கும் கோபுரம் மட்டும் தனியாகச் சீறிக்கொண்டு வானத்துக்குப் போனது. தூரத்தில் இருந்தவர்கள் அதைத்தான் ராக்கெட் என்று நினைத்து அண்ணாந்து தேடினார்கள். புகை விலகியபோது ராக்கெட் அங்கேயே நிற்கிறது. பயணம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்ட விண்கலம் கடமை தவறாமல் பாராசூட்டை வெளியே தள்ளியது. அது பக்கவாட்டில் தொங்கியது.

சிரிப்பு வரும் காட்சி. ஆனால் உள்ளே எரிபொருள் முழுசாக இருந்தது, மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது, பீடத்தோடு பிடிமானம் எதுவும் இல்லை. காற்று அடித்துப் பாராசூட் விரிந்தால் ராக்கெட்டையே சாய்த்துவிடும். துப்பாக்கியால் தொட்டியில் ஓட்டை போட்டு எரிபொருளை வடித்துவிடலாம் என்றுகூட ஒருவர் யோசனை சொன்னாராம். கடைசியில் எடுத்த முடிவு: யாரும் கிட்டே போக வேண்டாம். இரவெல்லாம் காத்திருந்தார்கள். பாட்டரிகள் தாமாகத் தீர்ந்தன, திரவ ஆக்சிஜன் ஆவியாகிப் போனது. காலையில்தான் ஆட்கள் போய்த் தொட்டார்கள். அடியில் செருகியிருந்த இரண்டு மின்னிணைப்புகள் வரிசை மாறிக் கழன்றதுதான் காரணம். என்ன செய்வது என்று தெரியாதபோது எதுவும் செய்யாதே என்ற விதியை அன்று கற்றதாகப் பறப்பு இயக்குநர் கிறிஸ் கிராஃப்ட் சொல்லிக்கொண்டிருப்பார். கன்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தவனுக்கு இதைவிடக் கஷ்டமான விதி கிடையாது. கை சும்மா இருக்காது.

ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதே வகை ராக்கெட்டின் உச்சியில் ஆலன் ஷெப்பர்ட் ஏறி உட்கார்ந்தார். 1961 மே 5. மே 2-ஆம் தேதியே போக வேண்டியது, வானிலை விடவில்லை. அன்று விடியற்காலை ஐந்தேகாலுக்கு உள்ளே போனவர் கிளம்பியது 9.34-க்கு. முதலில் மேகம். மேகம் விலகக் காத்திருக்கும்போது ஒரு மின்மாற்றுக் கருவி சூடாகிவிட்டது, அதை மாற்றினார்கள். அது முடிந்ததும் மேரிலாந்தில் இருந்த கணினியை இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும் என்றார்கள். எல்லாம் சேர்ந்து இரண்டரை மணி நேரத்துக்கு மேல் டி கணக்கு நின்றது.

பயணமே கால் மணி நேரம்தான் என்பதால் சிறுநீர் கழிக்க எந்த ஏற்பாடும் செய்யவில்லை. ஷெப்பர்டுக்கு அடக்க முடியவில்லை. உடம்பில் ஒட்டியிருந்த மின்னுணர்விகள் நனைந்தால் என்னாகும் என்று தரையில் பெரிய விவாதம் நடந்து, கடைசியில் அவற்றின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, உடுப்பிலேயே போகச் சொன்னார்கள். விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் உள்ளாடையை நனைத்துவிட்டுத்தான் போனார். எரிபொருள் அழுத்தம் அதிகம் என்று மறுபடி தயங்கியபோது அவர் பொறுமை இழந்து, உங்கள் சின்னப் பிரச்சினையைச் சரிசெய்துவிட்டு இந்த மெழுகுவத்தியைக் கொளுத்துங்கள் என்றார். அமெரிக்காவில் அந்த வாக்கியத்துக்குப் பெரிய புகழ். எனக்கு அதைச் சொல்லவைத்த தயக்கத்தின் மேல்தான் மரியாதை. கோடிக்கணக்கானவர்கள் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருக்க, சோவியத்துக்காரர்கள் மூன்று வாரத்துக்கு முன்பே ஜெயித்துவிட்டிருக்க, ஒரு கருவி சூடாகிவிட்டது என்பதற்காக எண்ணிக்கையை நிறுத்திவைக்கத் துணிச்சல் வேண்டும்.

*

ஜெயித்த பக்கத்தில் பத்து, ஒன்பது, எட்டு என்ற நாடகமே கிடையாது. சோவியத் ஏவுதளமான பைகோனூரில் நேர அட்டவணை உண்டு. ஆனால் கடைசி நிமிஷங்கள் எண்களால் ஆனவை அல்ல, கட்டளைகளால் ஆனவை. ‘சாவி, ஸ்டார்ட்டுக்கு’ என்றால் கட்டுப்பாட்டு மேசையில் நிஜமாகவே ஒரு சாவியைத் திருப்புவார்கள். பிறகு குழாய்களில் வாயு ஓட்டம், வடிகால் மூடல், பற்றவைப்பு, முதல் நிலை, இடை நிலை, முழு வேகம், எழுச்சி. ஒவ்வொன்றும் நடந்தது என்று பதில் வந்த பிறகே அடுத்தது. இன்றும் சோயுஸ் கிளம்புவது ஏறக்குறைய இந்த வரிசையில்தான்.

1961 ஏப்ரல் 12 காலை யூரி ககாரின் உள்ளே போய்க் கதவை மூடியபின், மூடியதற்கான அடையாள விளக்கு எரியவில்லை. தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரொல்யோவ் திறந்து மறுபடி மூடச் சொன்னார். பொறியாளர் ஒலெக் இவானோவ்ஸ்கியும் உடனிருந்தவர்களும் வட்டமாக இருந்த திருகுகள் அத்தனையையும் கழற்றித் திரும்ப முடுக்கினார்கள். ககாரின் பாட்டுப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். மாஸ்கோ நேரப்படி 9.07-க்கு ராக்கெட் எழுந்தது. ‘போவோம்’ என்று அவர் சொன்னதை உலகம் பிறகுதான் கேட்டது. கிளம்பும்வரை வெளியே ஒரு வார்த்தை கசியவில்லை. கொரொல்யோவின் பெயரே 1966-இல் அவர் இறக்கும்வரை ரகசியம்.

அந்தக் கதவை மறுபடி திறக்கவைத்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஆறு மாதத்துக்கு முந்தைய நெருப்பு ஒன்று இருந்ததாகவே நான் நினைக்கிறேன். 1960 அக்டோபர் 24, அதே பைகோனூர், ஆர்-16 என்ற ஏவுகணையின் முதல் சோதனை. நவம்பர் புரட்சி விழாவுக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரம். எரிபொருள் நிரப்பிய ஏவுகணையில் கசிவும் மின்கோளாறும் தெரிந்தன. எரிபொருளை வடித்துவிட்டு ரிப்பேர் செய்வதற்குப் பதிலாக, நிரம்பிய நிலையிலேயே ஆட்களை ஏற்றி வேலை வாங்கினார்கள். மார்ஷல் நெதேலின் ஏவுகணைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். இரண்டாம் அடுக்கின் என்ஜின் தானாகப் பற்றிக்கொண்டது. நெதேலினும் இன்னும் பல பத்துப் பேரும் எரிந்துபோனார்கள். வடிவமைப்பாளர் யாங்கெல் சிகரெட் பிடிக்கத் தள்ளிப் போயிருந்ததால் பிழைத்தார். நிறுத்த எல்லாக் காரணமும் இருந்தது. பக்கத்தில் மார்ஷல் உட்கார்ந்திருக்கையில் நிறுத்தச் சொல்லும் வாய்தான் இல்லை. பைகோனூரில் இன்றுவரை அக்டோபர் 24 அன்று ராக்கெட் ஏவுவதில்லை.

*

கடிகாரம் ஓடும்போது மனிதன் நிற்க முடியுமா? அதற்கு என் நோட்டில் 1965 டிசம்பர் 12 இருக்கிறது. ஜெமினி 6 விண்கலத்தில் வாலி ஷிர்ரா, டாம் ஸ்டாஃபோர்ட். மேலே ஜெமினி 7 ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறது, அதைப் போய்ச் சந்திக்க வேண்டும். பூஜ்யம் வந்தது, டைட்டன் ராக்கெட்டின் என்ஜின்கள் பற்றின, 1.2 விநாடியில் அணைந்தன. ஆனால் ஷிர்ரா எதிரில் இருந்த பயணக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. ராக்கெட் தரையை விட்டு எழுந்தால்தான் அது ஓடும்.

விதிப்புத்தகம் தெளிவாக இருந்தது. கடிகாரம் ஓடி என்ஜின் அணைந்தால் ராக்கெட் எழும்பிவிட்டு விழுகிறது என்று பொருள். விழுந்தால் வெடிக்கும். கால்களுக்கு நடுவில் இருக்கும் வளையத்தை இழுத்தால் இருவரும் ஆசனத்தோடு வெளியே எறியப்படுவார்கள். ஷிர்ரா இழுக்கவில்லை. அவர் முதுகில் எந்த அசைவும் தெரியவில்லை. கடிகாரம் எழுந்துவிட்டோம் என்றது, இருக்கை எழவில்லை என்றது, அவர் இருக்கையை நம்பினார். அடியில் செருகியிருந்த ஒரு பிளக் அதிர்ச்சியில் கழன்று கடிகாரத்தை ஓடவிட்டிருந்தது. அன்று வளையத்தை இழுத்திருந்தால் விண்கலம் வீணாகியிருக்கும், இருவரும் பிழைத்திருப்பார்களா என்பதும் சந்தேகம்.

கதை அதோடு முடியவில்லை. பதிவுகளைத் துருவிப் பார்த்தபோது, பிளக் கழல்வதற்கு முன்பே ஒரு என்ஜினின் விசை இறங்கத் தொடங்கியிருந்தது தெரிந்தது. பிரித்துப் பார்த்தால், உள்ளே தூசி புகாமலிருக்கப் போட்ட சின்ன பிளாஸ்டிக் மூடி. பல மாதத்துக்கு முன் தொழிற்சாலையில் யாரோ எடுக்க மறந்தது. மூன்றே நாளில் அதே ராக்கெட், அதே இருவர், கிளம்பிப் போய் ஜெமினி 7-க்கு ஒரு அடி தூரம்வரை நெருங்கிவிட்டு வந்தார்கள்.

நின்றுவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. 1967 ஜனவரி 27 மாலை அப்பல்லோ 1 விண்கலத்தில் கஸ் கிரிசம், எட் ஒயிட், ரோஜர் சாஃபி மூவரும் ஒத்திகை எண்ணிக்கையில் இருந்தார்கள். பேச்சுத் தொடர்பு சரியில்லை என்று டி-10 நிமிஷத்தில் ஹோல்ட். கடிகாரம் நின்றபடி இருக்க, தூய ஆக்சிஜன் நிரம்பிய உள்ளறையில் தீப்பிடித்தது. மூவரும் இறந்தார்கள். ராக்கெட்டில் எரிபொருள் இல்லாததால் அந்தச் சோதனையை ஆபத்தானது என்று யாரும் வகைப்படுத்தவே இல்லை. பட்டியலில் இல்லாத ஆபத்துக்கு எந்தக் கடிகாரமும் காவல் இருக்காது.

*

அப்பல்லோ 11 கிளம்பியது நம் நேரப்படி 1969 ஜூலை 16 மாலை 7.02-க்கு. மாமா வீட்டு மர்ஃபி ரேடியோவைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருந்தோம். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா சிற்றலையில் அலை ஏறி இறங்கியது, எனக்கு ஆங்கிலம் பாதிக்குமேல் புரியவில்லை. எண்கள் புரிந்தன. எண்ணியவர் ஜாக் கிங் என்ற மக்கள் தொடர்பு அதிகாரி. பூஜ்யத்துக்குப் பிறகு உணர்ச்சி வேகத்தில் அவர் ‘என்ஜின்ஸ்’ என்பதை ‘என்ஜின்’ என்று சொல்லிவிட்டதாகப் பல வருஷம் கழித்துப் படித்தேன்.

அந்த எண்ணிக்கை 28 மணி நேரத்தில் தொடங்கியது. ஆனால் தொடங்கியதிலிருந்து நெருப்பு வரைக்கும் ஆனது 40 மணி 32 நிமிஷம். டி-9 மணியில் 11 மணி நேரமும் டி-3.30 மணியில் 1 மணி 32 நிமிஷமும் சும்மா நிற்க வேண்டும் என்று முன்பே திட்டமிட்டிருந்தார்கள். திட்டமிடாத ஹோல்ட் ஒன்றுகூட இல்லை. அன்று காலை மூன்றாம் அடுக்கின் ஹைட்ரஜன் வால்வில் கசிவு தெரிந்து, ஆட்கள் மேலே போய் போல்ட்டுகளை முடுக்கிவிட்டு வந்தார்கள். அப்படியிருந்தும் குறித்த நேரத்துக்கே ராக்கெட் எழுந்தது. நேரந்தவறாமை என்று அதைப் புகழ்ந்தார்கள். காத்திருக்க நேரம் ஒதுக்கி வைத்தவர்களுக்குக் கிடைத்த கூலி என்பேன்.

அப்பல்லோ வரிசையில் ஏவுதளக் கருவிக் கோளாறால் தாமதமானது கடைசிப் பயணம் ஒன்றுதான். 1972 டிசம்பர் 6 இரவு, அப்பல்லோ 17. ஜீன் செர்னன், ரான் எவான்ஸ், ஹாரிசன் ஷ்மிட். கடைசி மூன்று நிமிஷத்துச் சொச்சத்தை மனிதக் கை தொடாது, ஒரு தானியங்கிக் கருவி வரிசையாகக் கட்டளை கொடுத்துக்கொண்டு போகும். டி-2 நிமிஷம் 47 விநாடியில் மூன்றாம் அடுக்கின் ஆக்சிஜன் தொட்டிக்கு அழுத்தம் ஏற்றும் கட்டளையை அது கொடுக்கவில்லை. கவனித்த ஆட்கள் கையாலேயே சுவிட்சைப் போட்டு அழுத்தத்தை ஏற்றிவிட்டார்கள். தொட்டியில் அழுத்தம் சரியாக இருந்தது. ஆனால் கட்டளை போனதற்கான அடையாளம் கருவியிடம் இல்லை. டி-30 விநாடியில் அது எண்ணிக்கையை நிறுத்தியது.

இந்த இடத்தை நான் எத்தனை தடவை படித்தாலும் அலுக்காது. வேலை நடந்துவிட்டது, அது எல்லோருக்கும் தெரியும். கருவிக்கு மட்டும் தெரியாது, அது நம்ப மறுக்கிறது. கணக்கை டி-22 நிமிஷத்துக்குப் பின்னால் தள்ளினார்கள். அந்த ஒரு பூட்டை மட்டும் ஒயர் போட்டுத் தாண்டலாமா என்ற கேள்வி எழுந்தது. உடனே தாண்டவில்லை. அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் இருந்த மாதிரி அமைப்பில் அதே ஒயரைப் போட்டு, வேறு எதுவும் கெடாது என்று உறுதி செய்த பிறகே இங்கே போட்டார்கள். மொத்தத் தாமதம் 2 மணி 40 நிமிஷம். நள்ளிரவு தாண்டி 12.33-க்கு ராக்கெட் எழுந்தது. கெட்டுப்போயிருந்தது ஒரு டயோடு.

பூட்டைத் தாண்டுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் நிலையத்தில் ஒரு நாள் யூனிட் நின்றுவிட்டது, மின்தட்டுப்பாட்டுக் காலம். சுடர் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனர் ஒன்று தகராறு செய்தது. மேலதிகாரி போனில் கத்தினார்: “ஜம்பர் போட்டு லைட்டப் பண்ணுங்கய்யா, மெட்ராஸ்ல கேக்கறாங்க.” எங்கள் மூத்த ஆபரேட்டர் குரலை உயர்த்தவில்லை. “போட்டுடலாம் சார். லாக் புக்ல நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க, உடனே போட்டுடலாம்.” போன் வைக்கப்பட்டது. ஸ்கேனரை மாற்றி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. பக்கத்தில் நின்ற என்னிடம் அவர் சொன்னது இதுதான்: “தம்பி, வாயால சொல்றவனை நம்பாதே. எழுதச் சொல்லு. எழுதறவனுக்குக் கை நடுங்கும்.”

*

ஷட்டில் காலத்தில் நிறுத்தும் வேலையின் பெரும்பகுதி கணினிக்குப் போனது. முதல் ஷட்டில் 1981 ஏப்ரல் 10 அன்று கிளம்பவில்லை. பிரதான கணினிகளுக்கும் மாற்றுக் கணினிக்கும் இடையே 40 மில்லி விநாடி நேர வித்தியாசம் இருந்தது. இரண்டு நாள் கழித்து, ககாரின் போன அதே ஏப்ரல் 12 அன்று, ஜான் யங்கும் பாப் கிரிப்பெனும் போனார்கள். 1984 ஜூன் 26 அன்று டிஸ்கவரியின் என்ஜின்கள் பற்றத் தொடங்கிய பிறகு டி-4 விநாடியில் கணினி அணைத்தது. ஏவுதளத்தில் கண்ணுக்குத் தெரியாத ஹைட்ரஜன் தீ எரிந்துகொண்டிருந்தது. வீரர்கள் வெளியே ஓடாமல் உள்ளேயே இருந்ததால் தப்பினார்கள். இப்படி என்ஜின் பற்றிய பிறகு அணைந்தது ஷட்டில் வரலாற்றில் ஐந்து முறை. ஐந்திலும் ஒருவருக்கும் காயமில்லை.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சரின் எண்ணிக்கை கடைசி நிமிஷங்களில் எங்கேயும் தடுக்கவில்லை. அதுதான் பயங்கரம். நிற்க வேண்டிய ஹோல்ட் முந்தின நாள் ராத்திரி, ஒரு தொலைபேசிக் கூட்டத்தில் இருந்தது. பக்கத்து ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயோக்கல் நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் ரப்பர் வளையங்கள் விறைத்துப்போகும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். அது ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸ். நாசா தரப்பில் அதிருப்தி. நிறுவனத்தின் மேலாளர்கள் தனியாகக் கூடிப் பேசிவிட்டு, ஏவலாம் என்று மாறினார்கள். அதை நாசா எழுத்தில் கேட்டது. கேப் கனாவரலில் இருந்த நிறுவனப் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட் கையெழுத்துப் போட மறுத்தார். யூட்டாவிலிருந்து வேறொருவர் கையெழுத்தோடு ஃபேக்ஸ் வந்தது.

காலையில் ஏவுதளமெங்கும் பனிக்கட்டி தொங்கியது. ஏவும்போது வெப்பநிலை சுமார் 2 டிகிரி செல்சியஸ். முந்தின ராத்திரி நடந்த வாக்குவாதம், கடைசியில் சரி என்று சொல்ல வேண்டியவர்களின் காதுக்கே எட்டவில்லை. ஒவ்வொரு மேசையாகக் கேட்டுக்கொண்டு வந்தபோது எல்லோரும் சரி என்றார்கள். அவரவர் திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 73 விநாடியில் ஏழு பேர் போனார்கள். எங்கள் மூத்த ஆபரேட்டர் சொன்னது அன்று எனக்குப் போதாததாகத் தோன்றியது. எழுதுகிறவன் கை நடுங்காமலும் போகலாம். மறுக்கிற ஒருவனின் குரல் கடைசி மேசைவரை போய்ச் சேர வழி இருக்க வேண்டும்.

வழி இருந்தும் நேரம் இல்லாமல் போகும் நாட்கள் உண்டு. 1983 செப்டம்பர் 26, பைகோனூர். விளாதிமிர் தித்தோவ், கென்னாதி ஸ்த்ரேகாலவ் இருவரும் சோயுஸில். கிளம்புவதற்குச் சுமார் ஒன்றரை நிமிஷம் இருக்கும்போது ஒரு வால்வு பழுதாகி எரிபொருள் வழிந்து தீப்பிடித்தது. கட்டுப்பாட்டுக் கேபிள்கள் எரிந்துபோயின. தப்பிக்கும் ராக்கெட்டை உள்ளிருப்பவர்கள் இயக்க முடியாது. தரையில் இரண்டு வெவ்வேறு அறைகளில் இருப்பவர்கள் சில விநாடிக்குள் சேர்ந்தாற்போல் பொத்தானை அழுத்தினால்தான் இயங்கும். ஒருவன் பதறி அழுத்திவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. அழுத்தினார்கள். விண்கலம் பிய்த்துக்கொண்டு பறந்த ஓரிரு விநாடியில் கீழே ராக்கெட் வெடித்தது. இருவரும் கொஞ்ச தூரத்தில் உயிரோடு இறங்கினார்கள்.

அந்த ஸ்த்ரேகாலவ்தான் அடுத்த ஆண்டு ஏப்ரல் 3 அன்று மறுபடி சோயுஸில் ஏறினார். அவரோடு அதே கலத்தில் ராகேஷ் சர்மா. இந்திரா காந்தியோடு சர்மா பேசிய பேச்சு நமக்கெல்லாம் தெரியும். அவரோடு போனவர் ஆறு மாதத்துக்கு முன் எரியும் ராக்கெட்டின் உச்சியில் உட்கார்ந்திருந்தவர் என்பது இங்கே அவ்வளவாகப் பேசப்படவில்லை.

*

ஸ்ரீஹரிகோட்டாவும் நிற்கப் பழகிய இடம்தான். செயற்கைக்கோள் ராக்கெட் என்பதால் என் நோட்டில் இல்லை, ஆனால் ஜி.எஸ்.எல்.வி.யின் முதல் ராக்கெட்டை 2001 மார்ச் 28 அன்று, என்ஜின் பற்றிய பிறகு, எழுவதற்கு ஒரு விநாடி முன்னால் கணினி அணைத்தது. ஏப்ரல் 18-இல் அதே ராக்கெட் போனது. அங்கே பல வருஷம் எண்ணிக்கையை அறிவித்தவர் விஞ்ஞானி வளர்மதி. சந்திரயான்-3 கிளம்பியபோது ஒலித்ததும் அவர் குரல்தான். 2023 செப்டம்பரில் அவர் காலமானார்.

அடுத்த மாதம் 21-ஆம் தேதி, நம் ஆட்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக, பறக்கும்போதே தப்பிக்கும் முதல் சோதனை. காலை எட்டு மணி என்றார்கள், வானிலையால் எட்டே முக்கால் ஆனது. டி-5 விநாடியில் கணினி நிறுத்தியது. டி.வி. பார்த்துக்கொண்டிருந்த என் பேரன், “ஃபெயில் ஆயிடுச்சு தாத்தா” என்றான். அப்போது இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் வந்து, ராக்கெட் பத்திரமாக இருக்கிறது, என்ன என்று பார்க்கிறோம் என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னார். கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்து பத்து மணிக்கு ஏவினார்கள். ஆளில்லாத கலம் ராக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்க் கடலில் இறங்கியது. அன்று சோதித்தது தப்பிக்கும் கருவியை. என் கணக்கில், டி-5-இல் நின்றதே அன்றைய முதல் வெற்றி.

இந்திய வீரர் சுபான்ஷு சுக்லாவின் விண்வெளிப் பயணமும் இப்படித்தான். 2025 மே மாதக் கடைசி என்று தொடங்கி, ஜூனில் தேதி மேல் தேதியாகத் தள்ளிப்போனது. நடுவில் ஃபால்கன் ராக்கெட்டில் ஆக்சிஜன் கசிவு தெரிந்தது. செய்திகளில் ஒவ்வொரு தடவையும் ‘மீண்டும் ஒத்திவைப்பு’ என்று துக்கச் செய்தி போலப் போட்டார்கள். ஜூன் 25 நண்பகல் 12.01-க்கு அவர் கிளம்பினார். அப்பல்லோ 11-உம் அப்பல்லோ 17-உம் கிளம்பிய அதே 39ஏ ஏவுதளம்.

ககன்யானில் நம் ஆட்கள் ஏறும் நாள் வரும். போக இருப்பவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர் என்பதால் நம் பக்கத்தில் ஆர்ப்பாட்டம் கூடவே இருக்கும். விருந்தினர் மாடத்தில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள், எல்லாச் சேனலிலும் எண்கள் குறைந்துகொண்டு வரும். அந்த அறையில் எங்கோ ஒரு மேசையில் இருபத்தெட்டு வயசுப் பெண்ணோ பையனோ தன் திரையில் ஒரு எண் சரியில்லை என்று பார்த்தால், அவர் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லி, அது மறுபேச்சில்லாமல் நடக்க வேண்டும். மறுநாள் அவரை யாரும் குறை சொல்லக் கூடாது. பூஜ்யத்துக்கு வருவது ராக்கெட்டின் வேலை. அதை நிறுத்துகிறவருக்கு வேலை போகாமல் பார்த்துக்கொள்வது நிர்வாகத்தின் வேலை, கைதட்டக் காத்திருக்கும் நம்முடைய வேலையும்கூட.